சிறுபட்டறை ட்ரம் சிந்தசைசருக்குக் காத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறிய பட்டறைகளில் கொஞ்ச எண்ணிக்கையில் செய்து, முன்பதிவு செய்தவர்களுக்கே அனுப்பப்படும் மின்னணு ட்ரம் சிந்தசைசர் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும், பணம் கட்டிவிட்டுப் பொதியை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். கோயில் திருவிழா மேடையில் வாசிக்கும் இசைக்கோஷ்டிக்காரர், வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் மிருதங்கம் பயிலும் மாணவர் எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. காணொளியில் கேட்ட ஒலி எவ்வளவு அழகு என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கள் சுருதிக்கும் எங்கள் தாளத்துக்கும் அந்தப் பெட்டி இணங்குமா என்பதை முதலில் பாருங்கள்.

ஒக்டபாட் இருக்கிறது, கீபோர்ட்டில் தவில் சத்தமும் இருக்கிறது. இது எதற்கு?

குச்சியால் அடிக்கும் மின்னணுத் தட்டுகள் கொண்ட ஒக்டபாட், கீபோர்ட் இரண்டும் பெரும்பாலும் பதிவுசெய்த ஒலியைத் திருப்பிப் போடுபவை. ட்ரம் சிந்தசைசர் ஒவ்வோர் அடியையும் அந்தக் கணத்தில் உருவாக்குகிறது. ஒரு ஒசிலேட்டர் சுருதியைத் தரும், இரைச்சல் உண்டாக்கி தோலின் சரசரப்பைத் தரும், என்வலப் ஒலி எழுந்து அடங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும், பில்டர் நிறத்தைத் தீட்டும். அதனால் ஒரே அடியை வாசித்துக்கொண்டே சுருதியை நீட்டலாம், சுருக்கலாம், மரத்தில் தட்டியதைப் போலிருந்த ஒலியை மணியோசைக்கு நகர்த்தலாம். பதிவுசெய்த ஒலியின் சுருதியை அதிகம் மாற்றினால் இழுபட்ட சத்தமாகிவிடும். இங்கே அந்தக் குறை இல்லை.

இந்த வழி புதியதும் அல்ல. பேர்ல் சின்கஷன் 1979இலும், ரோலண்ட் டிஆர்-808 1980இலும், அறுகோணத் தட்டுகளோடு சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 1981இலும் வந்தன. இன்றைய சிறுபட்டறைப் பெட்டிகளில் பல இந்த மூன்றில் ஒன்றின் வழித்தோன்றல்கள்.

பெரிய நிறுவனத்தின் பெட்டியை விட்டு இதை வாங்க என்ன காரணம்?

சின்னப் பட்டறைகள் ஒரு பிடிவாதத்தோடு செய்கின்றன. ஜேர்மனியின் வெர்மோனா டிஆர்எம்1 மூன்றாம் பதிப்பில் எட்டுக் குரல்களும் (தனித்தனி ட்ரம் ஒலி எழுப்பும் பகுதிகள்) முழுக்க அனலாக், அதாவது ஒலி மின்சுற்றிலேயே பிறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வெளியீடு (ஒலி வெளியே வரும் வாய்) உண்டு, எல்லாக் குமிழ்களும் கைக்கு எதிரே இருக்கும். ஆனால் அடிகளை வரிசையாகத் தானே ஓட்டும் சீக்குவென்சரும் நினைவகமும் கிடையா. நேற்று வைத்த ஒலியை மீட்க வேண்டுமென்றால் குமிழ்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். மூக் டிஎஃப்ஏஎம் பெரிய பெயர்தான் என்றாலும் அதே பிடிவாதம் கொண்டது: இரண்டு ஒசிலேட்டர், சீக்குவென்சரில் எட்டு ஸ்டெப் (படி), கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடி இல்லை. ஒக்டபாட்டை அதோடு நேரே இணைக்க முடியாது, மிடியை மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி இடையில் வேண்டும்.

இந்தப் பிடிவாதம் உங்கள் வாசிப்புக்குப் பொருந்தினால் கிடைக்கும் ஒலியும் கையோட்டமும் வேறெதிலும் கிடைக்காது. பொருந்தாவிட்டால் அது அலுமாரியில் கிடக்கும்.

முன்பதிவுத் திகதி தள்ளிக்கொண்டே போகிறது. ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை. சில நூறு பெட்டி செய்பவர் மின்னணுச் சில்லு (சிப்) வாங்கும் வரிசையில் கடைசியில் நிற்பவர். 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபேயோக்காவில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை எரிந்தபோது, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சில்லுகள் உலகம் முழுவதும் அருகின. பலர் சுற்றுப்பலகையையே திரும்ப வரைந்தார்கள். அனலாக் பகுதிகளுக்கும் இந்தக் கதி உண்டு. டிஆர்-808 தன் இரைச்சலுக்குக் குறைபாடுள்ள டிரான்சிஸ்டர்களை நம்பியிருந்தது என்றும், தயாரிப்பு மேம்பட்டபின் அத்தகையவை கிடைக்கவில்லை என்றும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி கூறியிருக்கிறார். 1983இல் அதன் தயாரிப்பு நின்றது.

கவனிக்க வேண்டியது மௌனத்தை. தாமதத்துக்கு எந்தப் பகுதி காரணம் என்று பெயர்சொல்லி எழுதுபவரை நம்பலாம். மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கடனட்டையில் கட்டிய பணத்தை வங்கியூடாக மீளக் கோருவதற்குக் காலவரம்பு உண்டு. நீண்ட முன்பதிவில் அது கடந்துவிடும் என்பதால், கட்டும் நாளிலேயே வங்கியிடம் அந்த வரம்பைக் கேட்டு எழுதி வையுங்கள். முழுப் பணத்தையும் முன்னரே கேட்பவரைவிட முற்பணம் மட்டும் கேட்டு, அனுப்பும்போது மிச்சத்தை வாங்குபவர் நல்லவர்.

பணம் கட்டுமுன் கைநூலில் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலான பட்டறைகள் கைநூலைப் பெட்டி வெளிவருமுன்னரே இணையத்தில் போடும். அதில் இந்த ஐந்துக்கும் விடை தேடுங்கள்.

1. ஒவ்வொரு குரலுக்கும் ஸ்டெப் எண்ணிக்கையைத் தனித்தனியே வைக்கலாமா? 16 மட்டும் என்றால் எங்கள் தாளங்களில் பாதி போய்விடும்.
2. குரலின் சுருதியை மிடி சுரம் கொண்டு மாற்றலாமா, குமிழால் மட்டுமா?
3. சுருதி என்வலப் மேலும் கீழும் போகுமா? பல பெட்டிகளில் கீழே மட்டும் இறங்கும். கும்கியும் (தோலை அழுத்திச் சுருதியை ஏற்றும் அடி) உடுக்கும் கேட்பவர்களுக்கு மேலே ஏறுவது கட்டாயம்.
4. தனி வெளியீடுகள் எத்தனை? குறைந்தது கிக்குக்கு (தாழ்ந்த பெரிய ட்ரம் அடிக்கு) ஒன்று தனியாக வேண்டும்.
5. மின்சாரம் எத்தனை வோல்ட், பிளக்கின் நடு ஊசி நேரா (+) மறையா (−)?

விடை காணாவிட்டால் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். இந்த அளவுக் கேள்விக்குச் சிறுபட்டறைக்காரர் மகிழ்ந்து பதில் எழுதுவார். அடுத்த மென்பொருள் பதிப்பில் சேர்க்கவும் கூடும். குரல்வாரி ஸ்டெப் நீளம் மென்பொருளால் சேர்க்கக்கூடியது. தனி வெளியீடு அப்படியல்ல.

ஆதி தாளம், மிஸ்ர சாபு, கண்ட நடை இவற்றை இதில் போடலாமா?

போடலாம், கணக்குத் தெரிந்தால்.

ஆதி தாளம் எட்டு அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32 ஸ்டெப்: 16 ஸ்டெப் பற்றர்ன் இரண்டைச் சங்கிலியாகக் கோத்தால் சரி. மிஸ்ர சாபு 3+4, மாத்திரைக்கு இரண்டு ஸ்டெப் வைத்தால் 14. கண்ட சாபு 2+3, அதேபோல் 10. ரூபகத்தை மூன்று எண்ணிக்கையாகப் போட்டால் 12. பைலாவின் ஆறு-எட்டு நடைக்கும் 12 ஸ்டெப்பே போதும்.

சிக்கல் நடை மாறும்போது வரும். பெட்டி தன் ஒரு பீட்டை நான்கு ஸ்டெப்பாகப் பிரிக்கிறது. கண்ட நடையில் அட்சரத்துக்கு ஐந்து வேண்டும். மிடி கடிகாரம் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்புகிறது. 24ஐ மூன்றால் பிரிக்கலாம், ஐந்தாலும் ஏழாலும் மீதியின்றிப் பிரிக்க முடியாது. ஆகவே பெட்டியைப் பிரிக்கச் சொல்லிக் கேட்காமல், வேகத்தை மாற்றி ஒரு ஸ்டெப்பை ஒரு மாத்திரையாக்க வேண்டும். அதற்கான கணக்கு:

பெட்டியின் வேகம் = நிமிடத்துக்கு அட்சரம் × நடை (அட்சரத்துக்கு எத்தனை மாத்திரை) ÷ 4

அட்சரம் நிமிடத்துக்கு 60 என்றால் திஸ்ரத்துக்கு 45, கண்டத்துக்கு 75, மிஸ்ரத்துக்கு 105, சங்கீர்ணத்துக்கு 135 என்று வையுங்கள். ஸ்டெப் எண்ணிக்கை எட்டு அட்சரத்துக்கு முறையே 24, 40, 56, 72. 16க்கு மேல் போகாத பெட்டியென்றால் கண்டத்தை 10 ஸ்டெப் பற்றர்ன் நான்காகவும், மிஸ்ரத்தை 14 ஸ்டெப் பற்றர்ன் நான்காகவும், சங்கீர்ணத்தை 12 ஸ்டெப் பற்றர்ன் ஆறாகவும் கோக்கலாம். கீபோர்ட்டும் சேர்ந்து ஓட வேண்டுமானால் அதன் வேகத்தையும் அதே எண்ணில் வைக்க வேண்டும். கீபோர்ட்டில் 60, பெட்டியில் 75 என்று வைத்துக் கடிகாரக் கேபிளையும் மாட்டினால் பெட்டி கீபோர்ட்டின் 60க்கே இழுபடும்.

இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, ஒன்றுவிட்டொரு ஸ்டெப்பைச் சற்றுத் தாமதிக்கும் ஸ்விங். ஒற்றைப்படை நீளமுள்ள பற்றர்னில், சில பெட்டிகளில் ஸ்விங் ஒரு சுற்றில் ஒரு மாத்திரையிலும் மறுசுற்றில் அடுத்ததிலும் விழும்; தாளம் தள்ளாடும். 50 வீதத்தில் நிறுத்திவிடுங்கள், அதுதான் ஸ்விங் இல்லாத நிலை. இரண்டாவது, எல்லாக் குரல்களும் சேர்ந்து தொடக்கத்துக்குத் திரும்பும் தலைமை நீளம். ஒரு குரல் 14, மற்றது 16 ஸ்டெப்பில் ஓடினால் இரண்டும் சமத்தில் சந்திக்க 112 ஸ்டெப் வேண்டும். பல பெட்டிகள் 64ஆவது ஸ்டெப்பில் எல்லாவற்றையும் தொடக்கத்துக்குத் திருப்பும் அமைப்போடு வருகின்றன. அதை அணைக்காவிட்டால் கோர்வை நடுவில் அறுந்துபோகும்.

மனோதர்மத்தோடு வேகம் ஏறி இறங்கும் கச்சேரியில் சீக்குவென்சரை ஓடவிடவே வேண்டாம். ஒக்டபாட்டால் அடித்து ஒலியை மட்டும் இதிலிருந்து எடுங்கள்.

பாடகரின் சுருதிக்குக் கிக்கை எப்படிச் சேர்ப்பது?

இதைச் செய்தால் கோஷ்டியின் ஒலி முழுவதும் தெளியும். கிக்கின் அடங்கும் பகுதி சுருதி உள்ள ஒலி. அது சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நில்லாவிட்டால் பாஸ் கிற்றாரோடு மோதி மங்கும்.

கட்டைவாரியாக, ஏ-440 அளவில் சட்ஜம் விழும் இடங்கள் இவை. ஒரு கட்டைக்கு 65.4 ஹேர்ட்ஸ், இரண்டுக்கு 73.4, இரண்டரைக்கு 77.8, நாலுக்கு 43.7, நாலரைக்கு 46.2, ஐந்துக்கு 49, ஐந்தரைக்கு 51.9. ஒரு கட்டையில் பாடுபவருக்குச் சட்ஜம் கொஞ்சம் உயரமாகத் தோன்றினால் கீழ்ப் பஞ்சமமான 49இல் வையுங்கள், கனம் கூடும்.

கிக்கின் சுருதி என்வலப்பை முதலில் பூச்சியமாக்குங்கள். அடங்கும் நேரத்தை முழுக்க நீட்டுங்கள். இப்போது கிக் ஒரு நீண்ட கார்வையாக ஒலிக்கும். கைப்பேசியின் மைக் இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது, அதனால் சுருதி செயலியை நம்ப வேண்டாம். கீபோர்ட்டில் அதே தாழ்ந்த சுரத்தை ஓர்கன் ஒலியில் பிடித்து, இரண்டுக்கும் இடையில் எழும் அலைவைக் கேளுங்கள். 49க்கு 50 வைத்தால் செக்கனுக்கு ஓர் அலைவு கேட்கும். அது மெதுவாகி நின்றதும் சுருதி சேர்ந்துவிட்டது. பின்னர் அடங்கும் நேரத்தை 300 மில்லிசெக்கனுக்குக் குறைத்து, சுருதி என்வலப்பைத் திரும்ப ஏற்றுங்கள். தொடக்கம் 200 ஹேர்ட்ஸ் அளவில், 40 மில்லிசெக்கனில் கீழே வந்து சேர்ந்தால் அடி தெளிவாக விழும்.

அனலாக் ஒசிலேட்டர் சூடேறும்வரை சுருதி நகரும். மேடையில் மின்சாரம் கொடுத்து 20 நிமிடம் கழித்தே சேருங்கள். பிற்பகல் வெயில் பெட்டியில் விழுமென்றால் ஒரு துணியால் நிழல் கொடுங்கள். வெப்பஈடு செய்யாத சுற்றில் சில பாகை ஏறினாலே காதுக்குத் தெரியும்.

தவில், மிருதங்கம், உடுக்கு ஒலிகளை இதில் கொண்டுவர முடியுமா?

இணுவில், அளவெட்டி ஊர்க் கலைஞர்களின் தவிலை எந்தப் பெட்டியும் தராது. கூடு அணிந்த விரல்கள் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) உருட்டும் சொற்களில் ஒன்றுபோல் இரண்டு அடிகள் இல்லை. ஆனால் அந்தக் கருவிகளின் இயல்பை எடுத்துப் புதிய ஒலி ஒன்றைச் செதுக்கலாம். இந்தப் பெட்டிகளின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

மிருதங்கத்தில் தொடங்குவோம். சாதாரண வட்டத் தோலை அடித்தால் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கில் எழும். முழு எண் அல்லாததால் சுருதி தெளிவாகக் கேட்காது. மிருதங்கத் தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சான கரணை இதை மாற்றி மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சி. வி. ராமன் 1920இல் எழுதினார். ஆகவே பெட்டியில் இரண்டு ஒசிலேட்டர் உள்ள குரலை எடுத்து ஒன்றைச் சட்ஜத்திலும் மற்றதைச் சரியாக இருமடங்கிலும் வையுங்கள். அடங்கும் நேரம் 500 மில்லிசெக்கன். அதன்மேல் 5 மில்லிசெக்கனில் முடியும் இரைச்சல் துளி ஒன்றைச் சேர்த்தால் வலந்தலையின் நாதம் நெருங்கி வரும். அதே குரலில் இரண்டாவது ஒசிலேட்டரை 1.59 மடங்குக்குத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், உடனே டொம் ட்ரம் ஆகிவிடும். கரணை செய்யும் வேலையைக் காதால் விளங்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

தொப்பிக்கு (இடப்பக்கத் தோலுக்கு) 80 முதல் 100 ஹேர்ட்ஸில் ஒரு சைன் அலை போதும். கும்கிக்குச் சுருதி என்வலப்பை மறுபக்கம் திருப்ப வேண்டும்: அடித்தபின் 150 மில்லிசெக்கனில் சட்ஜத்திலிருந்து மத்திமம்வரை ஏறட்டும். என்வலப் உடனே ஏறினால் தவளைச் சத்தமாகிவிடும். ஏற்றத்தின் வளைவை மெதுவாக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

உடுக்குக்கு 250 ஹேர்ட்ஸ் அளவில் தொடங்கி, சுருதியை மிடி வளைவாலோ கால்மிதியாலோ கையாளுங்கள். உடுக்கில் கயிற்றை அமுக்கும் கை அடிக்கும் கையைப் பின்தொடர்வதில்லை, தனியே ஓடுகிறது. அதனால் இங்கே என்வலப்பைவிடக் கால்மிதிதான் இயல்பாக ஒலிக்கும்.

தவிலின் வலந்தலைக்கு உயர்ந்த சுருதி, 80 மில்லிசெக்கன் போன்ற குறுகிய அடக்கம், கூர்மையான தொடக்கம் மூன்றும் வேண்டும். வேகமான உருட்டில் ஒவ்வோர் அடியும் முந்தியதை வெட்டிவிட்டால் இயந்திரத்தனம் வரும். இரண்டு குரல்களைச் சற்று வேறுபட்ட சுருதியில் வைத்து மாறிமாறி அடித்தால் அது குறையும்.

கைத்தாளம், ஹை-ஹட், கைதட்டல்?

உலோக ஒலிக்குச் சுருதி சேராத பல அலைகள் தேவை. டிஆர்-808 தன் ஹை-ஹட்டுக்கு ஆறு சதுர அலைகளைக் கலந்து, தாழ்ந்தவற்றை வடித்து எறிந்தது. அதன் கௌபெல்லுக்கு 540, 800 ஹேர்ட்ஸ் என இரண்டு சதுர அலை மட்டுமே. எஃப்எம் குரல் (ஓர் அலையால் இன்னோர் அலையின் சுருதியை அசைப்பது) உள்ள பெட்டியில் இரண்டு அலைகளின் விகிதத்தை 1.41 அருகே வைத்து, அடக்கத்தை ஒரு செக்கனுக்கு மேல் நீட்டினால் கைத்தாளம் வரும். கைதட்டல், 1000 ஹேர்ட்ஸ் சுற்றி வடித்த இரைச்சல்: 10 மில்லிசெக்கன் இடைவெளியில் மூன்று துளி, பின்னர் ஒரு வால்.

ஒக்டபாட்டோடு இணைப்பது எப்படி? அடித்தால் சத்தம் வரவில்லை.

ஒக்டபாட்டின் மிடி அவுட்டிலிருந்து பெட்டியின் மிடி இன்னுக்கு ஒரு கேபிள். இரண்டிலும் சனல் 10. வழமையான எண்கள்: கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹட் 42, திறந்த ஹட் 46. பெட்டியில் வேறு எண்கள் இருந்தால் ஒக்டபாட்டில் மாற்றுவது எளிது. அந்தத் தட்டுகளின் உள்ஒலியைப் பூச்சியமாக்குங்கள்.

சத்தம் வராததற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சின்னப் பெட்டிகள் ஐந்து ஊசி மிடிக்குப் பதிலாக 3.5 மில்லிமீற்றர் ஜாக் வைக்கின்றன. அதில் ஏ, பி என இரண்டு வயரிங் முறை உண்டு. 2018இல் ஏ முறை தரமாக்கப்பட்டது, அதற்கு முந்திய சில பெட்டிகள் பி முறை. மாறி மாட்டினால் கெடாது, சத்தம்தான் வராது. அடுத்தது யூஎஸ்பி. ஒக்டபாட்டும் பெட்டியும் இரண்டுமே கணினியை எதிர்பார்ப்பவை. யூஎஸ்பி கேபிளால் ஒன்றோடொன்றை நேரே இணைத்தால் பேசாது, நடுவில் யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி தேவை. மூன்றாவது சனல் எண்: சில பெட்டிகள் ஒவ்வொரு குரலுக்கும் தனிச் சனல் கொடுக்கின்றன.

ஒரு அடிக்கு இரண்டு ஒலி வந்தால் தட்டின் உணர்திறன் வரம்பை ஏற்றுங்கள். தாமதம் தெரிந்தால் மிடியைக் குறைசொல்ல வேண்டாம். ஓர் அடிக்குரிய மூன்று பைட் போக ஒரு மில்லிசெக்கனே எடுக்கும். கணினி நடுவில் இருந்தால் தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

தவிலின் மேல் பீசோ ஒட்டி இதை இயக்கலாமா?

அதிர்வை மின்துடிப்பாக மாற்றும் பீசோவைத் தவிலின் மர உடலில் ஒட்டலாம், ஆனால் பெட்டியின் ட்ரிகர் இன்னில் நேரே செருக வேண்டாம். அந்த வாய் 5 வோல்ட் அளவிலான துடிப்பை எதிர்பார்க்கிறது. பலமாக அடித்தால் பீசோ அதைவிடப் பல மடங்கு வோல்ட்டை உமிழும், மெல்ல அடித்தால் போதாமலும் போகும். ஒக்டபாட்டின் வெளிட்ரிகர் வாயில் செருகி மிடியாக எடுப்பதே பாதுகாப்பு. தொப்பியின் அதிர்வு வலந்தலைப் பீசோவையும் தூண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒட்டாதீர்கள்.

வீட்டில் இடிக்கும் கிக் கோயில் வீதியில் கேட்கவே இல்லை. ஏன்?

கூம்பு ஒலிபெருக்கி 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே மிகக் குறைவாகவே ஒலிக்கும். 50 ஹேர்ட்ஸ் கிக்கில் அதற்கு எட்டும் பகுதி தொடக்கத் தட்டல் மட்டுமே. ஒலியை ஏற்றினால் கேட்பதற்குப் பதில் கூம்பின் ட்ரைவர் கிழியும். வீதிக்குப் போகும் வழியில் 300 ஹேர்ட்ஸில் தாழ்வெட்டு வையுங்கள். கிக்கின் தொடக்கத்தை 400 ஹேர்ட்ஸிலிருந்து இறங்கச் செய்து, 2000 ஹேர்ட்ஸ் அருகே ஒரு தட்டலைச் சேருங்கள். இதற்காகத்தான் கிக்குக்குத் தனி வெளியீடு வேண்டுமென்று முன்னர் சொன்னது: மேடை ஒலிபெருக்கிகளுக்கு ஒரு கிக், கூம்புக்கு வேறொன்று அனுப்பலாம்.

மிக்சரில் லைன் வாயில் செருகுங்கள். மைக் வாயில் செருகினால் ஒலி உடையும். ஆறு மீற்றருக்கு மேல் கேபிள் ஓடினால் டிஐ பெட்டி (லைன் ஒலியை மைக் வாய்க்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வையுங்கள். மைக்குக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் சிந்தசைசருக்குள் ஏறாமலும் அது தடுக்கும்.

மின்சாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அடப்டரில் 100–240 என்று எழுதியிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் ட்ரான்ஸ்ஃபோமரால் குறைக்கலாம், ஆனால் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த இரும்புக்கரு உள்ள அடப்டர் 50இல் கூடுதலாகச் சூடாகும். அதே வோல்ட் தரும் சுவிட்ச்மோட் அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்குவது மேல். வாங்கும்போது வோல்ட் சரியாக ஒத்திருக்க வேண்டும், அம்பியர் கூட இருக்கலாம், குறையக்கூடாது. நடு ஊசி நேரா மறையா என்பது பெட்டியின் பின்புறப் படத்தில் இருக்கும். கிற்றார் பெடல்களின் 9 வோல்ட் அடப்டரில் பெரும்பாலும் நடு ஊசி மறை. அதை நேர் கேட்கும் பெட்டியில் செருகி, காப்பு டயோட் இல்லாவிட்டால் பெட்டி அக்கணமே போகும்.

ஐரோப்பிய இரண்டு ஊசி பிளக்கின் ஊசி 4 மில்லிமீற்றர் தடிப்பு. பழைய 5 அம்பியர் வட்டத் துளைக்குள் தளர்ந்து நிற்கும். பொறி பறந்து ஒலியில் வெடிப்புக் கேட்கும். 13 அம்பியர் மாற்றுப்பிளக் வாங்கி உள்ளே 3 அம்பியர் பியூஸ் போடுங்கள்.

திருவிழாவில் ஜெனரேற்றர் மாறும் கணத்தில் பெட்டி அணைந்தால் சேமிக்காத பற்றர்ன் போய்விடும். சின்ன யூபிஎஸ் ஒன்று அதைக் காக்கும். பெட்டியின் உள்மென்பொருளை (ஃபேர்ம்வேர்) மாற்றுவதைக் கரண்ட் நிற்கக்கூடிய வேளையில் செய்யவே வேண்டாம்.

உம்மென்ற இரைச்சல் கேட்கிறது.

பெட்டியும் மிக்சரும் வெவ்வேறு சுவர் வாய்களிலிருந்து மின்சாரம் எடுத்தால் நிலத்தொடுப்பு வளையம் உருவாகும். ஒரே நீட்டுப் பலகையில் இருந்து எடுங்கள். மடிகணினியின் யூஎஸ்பியைக் கழற்றியதும் கீச்சிடல் நின்றால் காரணம் அதுவே. ஐந்து ஊசி மிடிக்கு மாறுங்கள், அதில் ஒளியூடாகப் பிரிப்பு உண்டு. பிளக்கின் நிலக்கம்பியை வெட்டுவது தீர்வல்ல, உயிராபத்து.

சுங்கத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

மின்னணு இசைக்கருவிகள் 9207 என்ற தலைப்பின் கீழ் வரும், விசைப்பலகை இல்லாதவை 9207.90. வரி, பொருள் விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்த்துக் கணிக்கப்படும். அதன்மேல் வற் (பெறுமதி சேர் வரி), இலங்கையில் 2024 ஜனவரி முதல் 18 வீதம். மற்ற வரிகள் மாறக்கூடியவை என்பதால் பொதி புறப்படுமுன் கூரியர் முகவரிடம் இந்த எண்ணைக் கொடுத்து மதிப்பீடு வாங்குங்கள். விலைப்பட்டியல், பணம் கட்டிய சான்று இரண்டையும் அச்சடித்து வைத்திருங்கள். அன்பளிப்பு என்று குறைந்த விலை போடும்படி தயாரிப்பாளரைக் கேட்காதீர்கள்: பொதி தடுபடும், தொலைந்தால் காப்புறுதியும் அந்தக் குறைந்த விலைக்கே கிடைக்கும்.

பொதி வந்ததும் முதலில் என்ன?

உடைக்கும்போதே காணொளி எடுங்கள். மின்சாரம் கொடுக்குமுன் பெட்டியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதும் உருண்டால் திறக்காமல் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பிறகு ஒலியளவைக் குறைத்து வைத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு குரலையும் தனியே அடித்து, எல்லாக் குமிழையும் முனையிலிருந்து முனைவரை திருப்பி, ஒவ்வொரு வெளியீட்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மணிநேரம் ஓடவிட்டுத் திரும்பக் கேளுங்கள், சூடானபின் தெரியும் பழுதுகள் உண்டு. திருப்பி அனுப்பும் காலவரம்புக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். அட்டைப்பெட்டியை எறியாதீர்கள்.

உப்புக்காற்றும் மாரியும் கெடுக்குமா?

கெடுக்கும். காரைநகர், வல்வெட்டித்துறை போன்ற கடலோரங்களில் குமிழ்களும் ஜாக்குகளும் முதலில் கரகரக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் வெயிலில் அல்ல, தாழ்ந்த சூட்டு அவணில் காய வைத்துத் திரும்பப் போடலாம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் சுற்றுப்பலகையில் நீர் படியும். கரகரக்கும் குமிழுக்கு எச்சம் விடாத கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி போதும். பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கும் துருநீக்கியை அடித்தால் தூசு பிடித்து இன்னும் மோசமாகும்.

வருமட்டும் என்ன பழகலாம்?

விசிவி ராக் என்ற சிந்தசைசர் மென்பொருளின் இலவசப் பதிப்பை மடிகணினியில் இறக்குங்கள். அதில் இலவசமாகச் சேர்க்கக்கூடிய மேக்ரோ ஒசிலேட்டர் 2, மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பட்டறையின் பிளெய்ட்ஸ் மொடியூலைத் தழுவியது. அனலாக் கிக், ஸ்நேர், ஹை-ஹட் மூன்றும் அதற்குள் உண்டு. மேலே சொன்ன கும்கி, கரணைப் பயிற்சிகள் எல்லாவற்றையும் அதில் செய்து பார்க்கலாம். 14 ஸ்டெப் சீக்குவென்சர் ஒன்றில் மிஸ்ர சாபுவை ஓடவிட்டு, கையால் தாளம் போட்டபடியே குமிழ்களைத் திருப்பப் பழகுங்கள். தாளம் போடும் கை தடுமாறாமல் மற்றக் கையால் சுருதியைக் கும்கிபோல் ஏற்ற முடிந்தால், பெட்டி வந்த அன்றே அதில் வாசிக்கலாம்.